தீட்டிய மரம்: கத்திக்குக் கூர் வந்த கதை

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண் அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உரம், பூச்சி, விதை நேர்த்தி என்று பேசுகிற ஆள் இன்றைக்குக் கத்தி தீட்டுகிறதைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒரு கத்தியின் முனை மழுங்கலாக இருந்ததால் ஒரு கிராமத்தில் நான் தலைகுனிந்து நின்றேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு கத்தியின் கதைக்கு வருவோம்.

இருபது வருஷம் இருக்கும். படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த புதிது. திருநெல்வேலிப் பக்கம், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மாவில் இளந்தண்டு ஒட்டு கட்டிக் காட்டும் செயல்விளக்கம். புதிதாக வாங்கிய மடக்குக் கத்தி கையில். சாணைக்கல்லில் நானே தேய்த்துக் கொண்டு போயிருந்தேன். ஊரார் சுற்றி நிற்க, 40 செடிக்கு ஒட்டுக் கட்டினேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், துளிர் விட்டிருந்தது ஒன்பதே ஒன்பது. மற்றதெல்லாம் வெட்டுவாய் கறுத்துக் காய்ந்து கிடந்தது. இடம் கொடுத்த விவசாயி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு ரொம்பச் சுட்டது.

அந்த ஊரில் ஒரு பெரியவர். பனையேறி. என் கத்தியை வாங்கி, வெயிலுக்கு நேராகப் பிடித்து முனையைப் பார்த்தார். "சார், கல்லுல மட்டும் தேய்ச்சிருக்கீங்க. கத்தி பாதிதான் பழுத்திருக்கு. மரத்துல தீட்டணும்லா?" என்றார்.

மரத்திலா கத்தியைத் தீட்டுவது? விஞ்ஞானம் படித்த எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் நம்மூர்ப் பழமொழியை நினைத்துப் பாருங்கள். 'தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கலாமா?' என்று நன்றி மறந்தவனைப் பார்த்துக் கேட்கிறோம். பழமொழி தீட்டிய கல் என்று சொல்லவில்லை, மரம் என்கிறது. ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. அதில் ஒரு தொழில்முறை ஒளிந்திருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கூர் என்றால் என்ன?

கதைக்குள் போகுமுன் ஒரு சிறு விளக்கம். கத்தியின் கூர் என்பது இரண்டு சாய்வான பக்கங்கள் சந்திக்கிற கோடு. அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கூர். நம் தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல சவரக்கத்தியின் முனையோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு.

கல்லில் தேய்க்கும்போது கல்லின் மணிகள் இரும்பைச் சுரண்டி எடுக்கின்றன. இரண்டு பக்கமும் சுரண்டி முனை மெலிந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் அந்த மெல்லிய இரும்பு நேராக நிற்க முடியாமல் ஒரு பக்கமாக மடிந்து தொங்கும். இதைத்தான் பிசிர் என்கிறோம். கத்தியின் பக்கவாட்டில் விரலை மெதுவாக முதுகுப் பக்கமிருந்து முனையை நோக்கி இழுத்தால் சொரசொரவென்று தட்டும்.

பிசிர் வந்தால் கத்தி கூராகிவிட்டது என்று பலரும் நிறுத்திவிடுகிறோம். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். அந்தப் பிசிரோடு வெட்டினால் முதல் இரண்டு வெட்டு நன்றாக இருக்கும். பிறகு பிசிர் முறிந்து விழும். விழுந்த இடத்தில் முனை தட்டையாகிவிடும். அப்புறம் அந்தக் கத்தி வெட்டாது, நசுக்கும்.

ஒட்டுக்கட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழவென்று இருக்கிற மெல்லிய வளர்திசுதான் ஒட்டை ஒட்டவைக்கிறது. வேர்ச்செடியின் வளர்திசுவும் ஒட்டுக்குச்சியின் வளர்திசுவும் ஒன்றையொன்று தொட வேண்டும். வெட்டு முகம் கண்ணாடி மாதிரி இருந்தால் தொடும். நசுங்கியிருந்தால் நசுங்கிய திசு செத்துக் கறுக்கும், நடுவே இடைவெளி விழும், அதில் பூசணம் ஏறும். என் 31 செடிகளுக்கு நேர்ந்தது அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பனையேறியின் பலகை

பனையேறிக்கு ஏன் இவ்வளவு கூர் தேவை? பாளையை அவர் காலையிலும் மாலையிலும் சீவ வேண்டும். காகிதம் மாதிரி மெல்லிய சீவல். அப்படிச் சீவினால்தான் பாளையின் நுண்குழாய்கள் திறந்து பதநீர் சொட்டும். அரிவாள் மழுங்கியிருந்தால் குழாய்கள் நசுங்கி அடைத்துக்கொள்ளும். அன்றைய வருமானம் போயிற்று. அதனால் அரிவாளோடு ஒரு தீட்டுப் பலகையும் அவர் சாமான்களில் இருக்கும். வெங்கச்சங்கல்லைப் பொடித்துச் சலித்த மாவைப் பலகையில் தூவி, அதில் அரிவாளை இழுப்பார்.

இதில் விஞ்ஞானம் இருக்கிறது. 1812-ல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மன் கனிம அறிஞர் கற்களின் கடினத்துக்கு ஒன்று முதல் பத்து வரை ஒரு வரிசை வகுத்தார். வைரம் பத்து. வெங்கச்சங்கல் ஏழு. பதம் கொடுத்த கத்தி எஃகு ஏழுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஆகவே வெங்கச்சங்கல் மாவு எஃகை அறுக்கும். ஆனால் மாவு நைசாக இருப்பதால் ஆழமாகக் கீறாது. அடியில் இருக்கிற மரமும் கல்லைப் போல எதிர்த்து நிற்காது. பிசிர் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும், முனை மெருகேறும்.

நாவிதர் செய்ததும் இதே வேலைதான். மரத்துக்குப் பதில் தோல் வார். சவரக் கத்தியைக் கல்லில் எப்போதாவதுதான் தேய்ப்பார். வாரில் ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் இழுப்பார். வயதானவர்களுக்கு அந்தச் 'சட் சட்' சத்தம் காதில் இன்னும் இருக்கும்.

நம் உருக்கு லண்டனுக்குப் போனது

கூர் நிற்க வேண்டுமானால் முதலில் இரும்பு நல்லதாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் தென்னாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. வீண்பெருமை அல்ல, மண்ணைத் தோண்டி எடுத்த சான்று உள்ள பெருமை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்ற ஊர். அங்கே 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்கள் கிடைத்தன. தேனிரும்பைக் கரிப்பொருளோடு மண்குகையில் அடைத்து, வாயை மூடிச் சூடேற்றி, கரி ஏறிய எஃகுக் கட்டியாக எடுக்கிற முறை தென்னாட்டில் பழங்காலத்திலேயே இருந்தது. அந்த எஃகுதான் நம் வாயில் உருக்கு. கன்னடத்தில் உக்கு. வெள்ளைக்காரர் இதை 'ஊட்ஸ்' என்று எழுதினார்கள். உக்கு என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

1790-களில் பம்பாயிலிருந்து சில ஊட்ஸ் கட்டிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவர் அவற்றை ஆராய்ந்து 1795-ல் ஒரு கட்டுரை வாசித்தார். அந்த ஆராய்ச்சியின்போது ஒரு துண்டை ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக் கொல்லரிடம் கொடுத்தார்கள். அவர் அதில் என்ன செய்தார் தெரியுமா? வாளும் இல்லை, ஈட்டியும் இல்லை. ஒரு பேனாக்கத்தி! அடித்து நீட்டுவது கஷ்டமாக இருந்தாலும், கூர் அந்நாட்டின் சிறந்த எஃகுக்கு இணையாக நின்றது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பிறகு மருத்துவர்களின் அறுவைக் கத்திகளையும் ஊட்ஸில் செய்து விற்றார். தம் கடை அட்டையிலேயே அதைப் போட்டுக்கொண்டார்.

இதே ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து ஊட்ஸின் ரகசியத்தைத் தேடியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சார மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் அடிப்படை கண்டவர். உங்கள் பம்பு செட்டின் மூதாதை என்றே சொல்லலாம். அவர் ஒரு கருமான் மகன். 1820-லும் 1822-லும் இருவரும் எஃகுக் கலவைகள் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அன்றைக்கு முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் எஃகில் வேறு உலோகங்களைக் கலந்து பார்க்கிற ஆராய்ச்சி அங்கே நன்றாக வேர்விட்டது.

பேனாக்கத்தி என்ற சொல்லையும் கவனியுங்கள். அந்தக் காலத்துப் பேனா பறவையின் இறகு. எழுத எழுத முனை தேயும், சீவிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று பையில் வைத்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. இறகுப் பேனா போய்விட்டது, கத்தியின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. நம் ஊரிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. ஓலையில் எழுதியவர்கள் வைத்திருந்த மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும்.

குருந்தக்கல்லின் பயணம்

எஃகு போனது மாதிரியே நம் கல்லும் போயிற்று. குருந்தக்கல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மோஸ் வரிசையில் ஒன்பது. வைரத்துக்கு அடுத்த இடம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் பாறையில் இது உண்டு. இந்தக் குருந்தத்தைப் பொடித்து அரக்கில் குழைத்து உருட்டிய சக்கரத்தில்தான் நம் நாட்டுக் கைவினைஞர்கள் ரத்தினக் கற்களைப் பட்டை தீட்டினார்கள். சாணை பிடிப்பதும் அதில்தான்.

இந்தக் கல்லைப் பற்றி 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு இன்றைக்கும் 'கொரண்டம்' என்றுதான் பெயர். குருந்தம் என்ற நம் தமிழ்ச் சொல்தான் அது.

கதை இதோடு முடியவில்லை. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் பார்த்தார். களிமண்ணையும் கரியையும் சேர்த்து மின்சாரத்தால் கடும் சூடேற்றினார். வைரம் வரவில்லை. பளபளவென்று கடினமான சிறு படிகங்கள் வந்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து அதற்குக் 'கார்பொரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு, அதில் கொரண்டமே இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1954-ல் சென்னையில் கார்பொரண்டம் யுனிவர்சல் கம்பெனி தொடங்கப்பட்டது. இன்றைக்கு இரும்புக் கடையில் "ஒரு கார்பொரண்டம் கல்லு குடுங்க" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயருக்குள்ளே நம் குருந்தம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண் பரதேசம் போய், பெயர் மாறி, நம் தெருவுக்கே திரும்பி வந்த மாதிரி.

ஐரோப்பாவில் தோலும் பசையும்

வாரில் தீட்டுகிற கலையை ஐரோப்பாவில் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் ஜான் ஜாக் பெரே. பாரிஸ் நகரத்துக் கத்திக் கொல்லர். 1769-ல், தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று ஒரு புத்தகம் போட்டார். எந்தக் கல்லை எப்படித் தேர்வது, தீட்டும் தோலை எப்படிப் பதப்படுத்துவது என்பதையும் அதில் சொன்னார். தொழில்காரர் தம் ரகசியத்தை ஊருக்குச் சொன்னது பெரிய காரியம்.

எல்லாரும் அப்படி இல்லை. 1790-களில் லண்டனில் ஜார்ஜ் பேக்வுட் என்பவர் தீட்டு வாரும் அதற்குப் பூசும் பசையும் விற்றார். பசையில் என்ன இருக்கிறது என்பது ரகசியம். பாட்டு, கதை, விடுகதை என்று பத்திரிகைகளில் விளம்பரமாகக் கொட்டினார். அந்த விளம்பரங்களையே தொகுத்து 1796-ல் புத்தகமாகவும் போட்டுவிட்டார். சரக்கை விட விளம்பரத்துக்குப் பேர் வாங்கியவர். மூட்டையின் மேலே படம் பார்த்து இடுபொருள் வாங்குகிற நமக்கு இது புதிதல்ல!

மடக்குக் கத்தியின் தலைநகரம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கே கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-லேயே சட்டப்படி அமைந்தது. 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் மண்குகையில் எஃகை உருக்கும் முறையை அங்கே கண்டுபிடித்தார். தென்னாட்டார் குகையில் செய்த வேலைக்கு ஒருவகையில் உறவு. ஆனால் இங்கே ஒரு சோகமும் உண்டு. கத்தியைச் சாணை பிடித்தவர்கள் நாள் முழுக்கச் சக்கரத்தின் மேல் குனிந்திருந்தார்கள். தண்ணீர் விடாமல் உலர்ந்த கல்லில் தேய்த்த தூசி நுரையீரலில் படிந்தது. 'சாணைக்காரர் ஆஸ்துமா' என்றே அந்த நோய்க்குப் பெயர். முள்கரண்டி தேய்த்தவர்களில் பலர் முப்பது வயதைத் தாண்டவில்லை என்று 1840-களில் அவ்வூர் மருத்துவர்கள் எழுதினார்கள். மற்றவர் கையில் பளபளத்த கத்திக்கு அவர்கள் மூச்சைக் கொடுத்தார்கள். இன்றைக்கு மின்சாரச் சாணையில் கத்தி பிடிக்கிறவர்கள் இதை மனதில் வைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

விவசாயியின் மடக்குக் கத்தி என்றால் பிரான்ஸ் நாட்டு ஓபினெல் கத்தியைச் சொல்ல வேண்டும். சவாய் என்ற மலைநாட்டில் கோடாரியும் வெட்டரிவாளும் அடித்து வந்த குடும்பம் அது. 1890-ல் ஜோசப் ஓபினெல் என்ற 18 வயதுப் பையன் பக்கத்துக் குடியானவர்களுக்காக ஒரு எளிய மடக்குக் கத்தி செய்தான். மரப்பிடி, கார்பன் எஃகு அலகு, அவ்வளவுதான். 1897-ல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை அளவு எண் போட்டு விற்றார்கள். கத்தி கைமேல் மடங்காமல் இருக்கப் பூட்டு வளையம் 1955-ல் வந்தது. திராட்சைக் கொடி வெட்டவும், ரொட்டி நறுக்கவும், மரம் சீவவும் அந்த ஒரு கத்திதான். இன்றைக்கும் செய்கிறார்கள்.

வார் மறைந்தது எப்படி?

இவ்வளவு பழைய கலை எப்படி நம் கைவிட்டுப் போனது? 1901-ல் அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் தூக்கி எறியக்கூடிய பிளேடுக்குக் காப்புரிமை கேட்டார். 1903-ல் அவர் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும்தான். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் வாரை மறந்துவிட்டார்கள். தீட்டத் தேவையில்லை, மழுங்கினால் எறி, புதிது போடு.

நம் ஊர்ச் சலூன்களிலும் பழைய கத்தி போய்ப் பாதி பிளேடு செருகுகிற கத்தி வந்தது. மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் ரத்தத்தின் வழியே பரவும் என்று தெரிந்தபின் அது நல்ல மாற்றம்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் சவரக் கத்தியோடு தீட்டும் கலையும் சேர்ந்து போய்விட்டது. மழுங்கிய ஒட்டுக்கத்தியை எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் பழக்கம் நமக்கும் வந்தது. புதுக் கத்தியும் சில நாளில் மழுங்கும். அப்புறம் அதுவும் பரணுக்கு.

ஆராய்ச்சி சொன்ன சாட்சி

இனி ஒரு ஆச்சரியம். 2004-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்து ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியர் கத்தி தீட்டலை எலெக்ட்ரான் நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார். வெறும் தோலில் இழுத்த கத்தியில் பெரிய மாற்றம் தெரியவில்லை. குரோமியம் ஆக்சைடு என்ற பச்சைப் பொடி பூசிய தோலில் இழுத்தபோதுதான் பிசிர் போய், கல்லின் கீறல் மறைந்து, முனை நன்றாக மெலிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பனையேறிப் பெரியவர் நினைவுதான் வந்தது. "பொடி இல்லாம மரத்துல இழுத்தா அது தடவுறது சார், தீட்டுறது இல்ல" என்று அன்றைக்கே அவர் சொல்லியிருந்தார். நுண்நோக்கி இல்லாமல், பதநீர் சொட்டுகிறதா நிற்கிறதா என்பதை வைத்தே அவர் முன்னோர் கண்டுபிடித்த முடிவு அது.

இதே வெர்ஹோவன்தான் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கத்திக் கொல்லரோடு சேர்ந்து, ஊட்ஸ் எஃகில் அடித்த டமாஸ்கஸ் வாள்களின் அலைக்கோலத்தை 1990-களில் மறுபடி உண்டாக்கிக் காட்டியவர். வனேடியம் போன்ற உலோகங்கள் மிகச் சிறு அளவில் கலந்திருப்பதே அந்தக் கோலத்துக்குக் காரணம் என்று விளக்கினார். ஃபாரடேக்குக் கிடைக்காத விடையின் ஒரு பகுதி.

இன்னொன்றும் உண்டு. எஃகைவிட 50 மடங்கு மென்மையான தாடிமுடி எப்படிக் கத்தியை மழுக்குகிறது? 2020-ல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இதற்கு விடை சொன்னார்கள். முனை தேய்வதைவிடச் சில்லு பெயர்வதுதான் காரணம். முடி வளைந்து ஒரு கோணத்தில் முனையை அழுத்தும்போது, எஃகின் கடினமான பகுதியும் மென்மையான பகுதியும் சேரும் பலவீனமான இடத்தில் சின்னச் சில்லு பெயர்கிறது. முடிக்கே இப்படி என்றால் மாங்குச்சிக்குக் கேட்க வேண்டுமா? அதனால்தான் வேலைக்கு நடுநடுவே தீட்ட வேண்டியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

பெரியவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததையும், பிறகு நான் பழகித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கல். கல்லை நனைத்துக்கொள்ளுங்கள். கத்தியைக் கல்லின் மேல் படுக்க வைத்து, முதுகுப் பக்கத்தை அலகின் அகலத்தில் கால் பங்கு உயரம் தூக்குங்கள். இரண்டு சென்டிமீட்டர் அகலம் என்றால் அரை சென்டிமீட்டர் உயரம். இது ஏறக்குறைய 15 பாகை சாய்வு. ஒரு பக்கம் முழுநீளமும் பிசிர் தட்டும்வரை தேய்த்து, பிறகு மறுபக்கம். சில ஒட்டுக்கத்திகளில் ஒரு பக்கம் மட்டுமே சாய்வு இருக்கும். அதில் தட்டைப் பக்கத்தைத் தூக்காமல் படுக்கையாகவே வைத்து ஓரிரு இழுப்பு போதும்.

மின்சாரச் சக்கரத்தில் பிடித்தால் ஒரு எச்சரிக்கை. அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். முனை நீல நிறமாக மாறினால் சூடு ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டு, கார்பன் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் கூர் நிற்காது.

அடுத்தது வார். பழைய தோல் பெல்ட் ஒன்று போதும். அசல் தோலாக இருக்க வேண்டும், ரெக்சின் உதவாது. ஒரு சாண் நீளம் வெட்டி, வழவழப்பான பக்கம் கீழே, சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி பலகையில் ஒட்டுங்கள். பாத்திரத்துக்கும் உலோகத்துக்கும் மெருகு போட விற்கிற பச்சைப் பாலிஷ் கட்டியை அதன்மேல் தேய்த்துவிடுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் அந்தக் குரோமியம் ஆக்சைடுதான்.

தீட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். கல்லில் முனையை முன்னே தள்ளலாம். தோலில் ஒருபோதும் கூடாது. முதுகுப் பக்கம் முன்னே போக, முனை பின்னால் வர இழுக்க வேண்டும். மாறினால் தோல் அறுபடும், கையும் போகும். கல்லில் வைத்த அதே சாய்வு. அழுத்த வேண்டாம். அழுத்தினால் தோல் குழிந்து முனையைச் சுற்றி எழும்பும், முனை உருண்டுவிடும். இழுப்பின் கடைசியில் கத்தியை மேலே சுழற்றித் தூக்காமல், நிறுத்திவிட்டு எடுங்கள். பக்கத்துக்கு 15 அல்லது 20 இழுப்பு, மாற்றி மாற்றி. வேலைக்கு நடுவே மந்தம் தெரிந்தால் பத்து இழுப்பு போதும். கல்லுக்குப் போக வேண்டியதில்லை.

கூர் பார்க்க விரலைக் கொடுக்காதீர்கள். தினசரித்தாள் ஒன்றைத் தொங்கவிட்டு வெட்டுங்கள். கிழியாமல் சத்தமின்றி இறங்கினால் சரி. மாங்குச்சி ஒன்றைச் சீவிப் பார்த்தால் வெட்டு முகம் ஈரமாகப் பளபளக்க வேண்டும்.

கடைசியாகச் சுத்தம். பால் ஒட்டிய கத்தியை வாரில் இழுக்காதீர்கள். முதலில் துடையுங்கள். எலுமிச்சை இனச் செடிகளில் வைராய்டு என்ற மிகச் சிறிய நோய்க்கிருமி வெட்டுக்கத்தி வழியாகவே மரத்துக்கு மரம் போகும். ஸ்பிரிட் அதற்கு உதவாது. பிளீச்சிங் கரைசலில் நனைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, துளி எண்ணெய் தடவுங்கள். இல்லாவிட்டால் துரு முனையைத் தின்றுவிடும்.

அடுத்த பருவத்தில் அதே ஊருக்குப் போனேன். அதே விவசாயியிடம் மறுபடி இடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரே கூப்பிட்டு, "கட்டுங்க சார், பார்ப்போம்" என்றார். பெரியவர் தம் பலகையோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஐந்து செடிக்கு ஒருதரம் என் கத்தியை வாங்கித் தீட்டித் தந்தார். இந்தத் தடவை 40-க்கு 31 பிடித்தது. எல்லாம் கத்தியால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம் காற்றில் ஈரம் நன்றாக இருந்தது, என் கையும் கொஞ்சம் பழகியிருந்தது. ஆனால் வெட்டு முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் வித்தியாசத்தைக் கண்ணாலேயே கண்டார்கள்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் யாரும் பனை ஏறவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பலகை அவர் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நாள் கிடந்தது, பிறகு அடுப்புக்குப் போயிருக்கலாம். உங்கள் ஊரிலும் பனையேறி, தச்சர், பழைய நாவிதர் என்று தீட்டத் தெரிந்த பெரியவர்கள் ஒருவரிருவராவது இருப்பார்கள். இந்த ஒட்டுக்கட்டும் பருவத்துக்கு முன்னால் உங்கள் மடக்குக் கத்தியையும் வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். வெற்றிலை பாக்கு வாங்கிப் போக மறக்க வேண்டாம். கற்றுக்கொண்டு வந்தபின் அவர் பெயரைச் சொல்லவும் மறக்க வேண்டாம். தீட்டின மரத்தில் கூர் பார்க்கக் கூடாதல்லவா?